நான்கு மட்டக்குதிரைகள்

போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையில், மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டிப் பொட்டிபுரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இதன் பெயரை நேயர்கள் பத்திரிகைகளில் அடிக்கடி பார்த்திருப்பார்கள். நியூட்ரினோ என்னும், கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத நுண்துகளை ஆராய்வதற்காக அருகிலுள்ள மலையைக் குடைய வேண்டுமென்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். கூடவே கூடாதென்று ஊரார் சொன்னார்கள். அந்த வழக்குக்குள் நாம் இப்போது புகப் போவதில்லை. நாம் அங்கே போனது குதிரை பார்ப்பதற்கு.

நம் வகுப்பிலே படிக்கும் பையன் ஒருவன் ஒரு வாரமாய்ப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. காரணம் விசாரித்ததில், "அவங்க தாத்தா குதிரையை எல்லாம் விக்கப் போறாராம் சார், இவன் லாயத்தை விட்டு நகர மாட்டேங்கிறான்" என்று பக்கத்து பெஞ்சுக்காரன் தெரிவித்தான். பையனுக்குக் கணக்கு வராது. வராததென்றால் சாதாரணமாக வராதது அல்ல. பின்னம் என்ற சொல்லைக் கேட்டாலே ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவான். ஆகையால் அவனைப் பிடித்து வருவது நமது கடமை என்று எண்ணி, ஒரு சனிக்கிழமை காலையில், கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்த நாலைந்து மாணவர்களையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

போடியை ஏலக்காய் நகரம் என்று சொல்வது வழக்கம். உண்மையில் ஏலம் பெரும்பாலும் விளைவது மேலே, கேரளத்து எல்லைக்குள். கீழே போடியில் நடப்பது ஏலக்காயின் ஏலம். காடு ஒரு ராஜ்யத்திலும் கடை ஒரு ராஜ்யத்திலுமாக இருப்பதால், இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஏதாவது ஒன்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. இன்று போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி என்ற மூன்று வழிகளில் லாரியும் ஜீப்பும் ஏறுகின்றன. சாலை வருவதற்கு முன்னால் ஏறியவை மனிதக் கால்களும் குதிரைக் கால்களுமே. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக மேலே போகும் பாதைக்குச் சாலை வேண்டுமென்று பல பத்தாண்டுகளாக ஜனங்கள் கேட்டு வருகிறார்கள். குரங்கணிக்கு மேலே உள்ள சில சிற்றூர்களுக்குத் தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் ஏறிப் போவதைப் பத்திரிகைப் படங்களில் நேயர்கள் கண்டிருக்கலாம். நமது ஜனநாயகம் சில இடங்களில் இன்னும் நான்கு கால்களில்தான் நடக்கிறது.

இதே மலையில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் ஒரு காலத்தில் பெரிய ஏற்பாடுகள் எல்லாம் செய்தார்கள். 1902-ஆம் ஆண்டிலே மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையில் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓடச் செய்தார்கள். 1908-இல் அதை மாற்றிச் சிறிய ரயிலே போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றிலே தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியிலே போடிக்கு வரும். 1924-ஆம் ஆண்டு வெள்ளம் வந்து அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கம்பிப் பாதையும் இன்று இல்லை. போடிக்கு மதுரையிலிருந்து 1928-இல் வந்த ரயில்கூட, பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-ஆம் ஆண்டு முடிவோடு நின்று, 2023 ஜூன் மாதத்தில்தான் திரும்பி வந்தது. இத்தனைக்கும் நடுவில் விடுமுறை எடுக்காமல் மலை ஏறிக்கொண்டிருந்தது மட்டக்குதிரை ஒன்றே. அதற்குச் சரித்திரத்தில் இடமில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ரயில் போன பின்பும் நிலைத்துவிட்டது.

நிற்க. வீட்டுக்குப் பின்னால், தென்னோலை வேய்ந்த லாயத்தில் நான்கு மட்டக்குதிரைகள் நின்றன. மூன்று சிவலை, ஒன்று வெள்ளை. பெரியவர் கட்டிலிலிருந்து எழுந்து, "வாங்க வாத்தியாரய்யா" என்றார். அவர் தகப்பனார் காலத்திலே பன்னிரண்டு குதிரைகள் இருந்தனவாம். மேலே அரிசி, உப்பு, மண்ணெண்ணெய். கீழே காப்பிக்கொட்டை, மிளகு, ஏலம், இலவம் பஞ்சு. ஒவ்வோர் ஊருக்கும் ஜீப் பாதை வர வர, இரண்டு இரண்டாகக் குறைந்து, இப்போது நாலு. "வேலை இருந்தா அது தின்கிற கொள்ளு கண்ணுக்குத் தெரியாது. வேலை இல்லேன்னா தெரியுதுங்க" என்றார்.

பாதையின் பேரில் அவருக்குக் கோபம் இல்லை. நமக்கும் இருக்க நியாயமில்லை. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கும் அவலம் தேனி மாவட்டத்து மலைகளில் இன்னும் தீரவில்லை. குதிரை பிழைக்க வேண்டும் என்பதற்காகச் சாலை வரக்கூடாது என்று சொல்பவனை அந்தப் பாதையில் ஒருமுறை டோலி சுமக்க வைக்க வேண்டும்.

நம் மாணவன் அப்போது இரண்டு சாக்குகளில் நெல் உமி நிரப்பிக்கொண்டிருந்தான். பொதி ஏற்றும்போது இருபுறமும் எடை சமமாக இராவிட்டால் சேணம் சரிந்து முதுகில் புண் விழும். பையன் இரண்டு சாக்குகளையும் ஒருமுறை தூக்கிப் பார்த்தான். ஒன்றிலிருந்து மூன்று கை உமியை அள்ளி மற்றதில் போட்டான். நாம் சும்மா இராமல், வீட்டுத் தராசைக் கொண்டுவரச் சொல்லி நிறுத்துப் பார்த்தோம். முள் நடுவிலேயே நின்றது. கணக்கு ஆசிரியர் என்ற முறையில் அந்த நிமிஷத்தில் நமக்கு ஏற்பட்ட மனநிலையை விவரிக்காமல் விடுகிறோம்.

கூட வந்த மாணவர்களைக் குதிரையிடம் விட்டதில் இன்னொரு வேடிக்கை நடந்தது. வகுப்பிலே சட்டாம்பிள்ளையாக இருந்து எல்லாரையும் விரட்டும் ஒருவன், லகானைப் பற்றி இழுத்து அதட்டினான். வெள்ளைக் குதிரை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. வகுப்பிலே வாய் திறவாத மற்றொரு பையன் பேசாமல் பக்கத்தில் போய் நின்றான். அது தானாகவே அவன் பின்னால் நடந்து வந்தது. பெரியவர் சொன்ன காரணம் இது: "அதுக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டில இருக்கு. சுத்தி நடக்கிறது பூராவும் தெரியும். புலிக்குப் பயந்து பொழைச்ச சாதி. நம்ம நெஞ்சு படபடன்னு அடிச்சா அதுக்குத் தெரிஞ்சு போகும்." கண் விஷயத்தில் அவர் சொன்னது சாஸ்திரத்துக்குப் பொருத்தமே. தன் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறிய இடங்கள் தவிர மற்றெல்லாத் திசையையும் குதிரை தலை திருப்பாமலே பார்க்கிறது. அதனால்தான் பின்புறமாக அதனிடம் போகக்கூடாது என்கிறார்கள்.

அங்கே இன்னொருவரும் இருந்தார். பெரியவரின் தம்பி மகன். நம் மாணவனுக்குச் சித்தப்பா முறை. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். இப்போது இரவில் காவல் வேலை. நாற்பது வயதுக்குள்ளேயே தலை பாதி நரைத்திருந்தது. நாம் இருந்த இரண்டு மணி நேரத்தில் அவர் நம்மிடம் பேசியது பத்து வாக்கியம் இருக்கும். ஆனால் குதிரையின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த கல்லையும் சேற்றையும் கொக்கியால் எடுத்தபடி அதனோடு ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "அங்கே எங்களுக்குச் சோறு கொண்டு வந்து போட்டது கோவேறு கழுதைங்க சார். ரோடு முடியற எடத்துக்கு மேல அதுதான்" என்றார். எங்கே, எப்போது என்று கேட்டோம். "வடக்கே" என்றார். அதற்குமேல் நாம் கேட்கவில்லை. பகலில் அவர் தூங்குவது இந்த லாயத்தில் மட்டுந்தான் என்று பெரியவர் பிற்பாடு சொன்னார்.

இதைக் கண்டதும், மேனாட்டிலே இதே காரியத்தை எவ்வளவு பெரிய ஏற்பாடாகச் செய்கிறார்கள் என்ற எண்ணம் நமக்கு வந்தது. டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் என்னும் பெண்மணிக்கு 1944-ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதம் கண்டது. முழங்காலுக்குக் கீழே கால்களுக்குச் சுவாதீனம் திரும்பவேயில்லை. அவரைப் பிறர் தூக்கித்தான் குதிரை மேல் வைக்க வேண்டும். தூக்கித்தான் இறக்க வேண்டும். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில், குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் போட்டியில், ஆண்களோடு சரிசமமாகப் போட்டியிட்டு அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956-இலும் மறுபடி வெள்ளி. அதன் பிறகுதான் ஊனமுற்றவர்களுக்குச் சவாரி ஒரு சிகிச்சையாகலாம் என்பதைப் பல தேசத்தவரும் கவனிக்கலானார்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே 1969-இல் ஒரு தேசியச் சங்கம் ஏற்பட்டது. காரணம் எளிது. குதிரை மெல்ல நடக்கும்போது அதன் மேல் இருப்பவரின் இடுப்பு அசையும் விதம், மனிதன் தன் காலால் நடக்கும்போது அசைவதைப் போன்றது. நடக்க முடியாதவனுக்கு நடையைக் கடனாகக் கொடுக்கும் பிராணி அது.

அமெரிக்காவில் போர்ட் மையர் என்னும் ராணுவ நிலையத்தில், இறந்த வீரர்களின் பேழையை ஆர்லிங்டன் மயானத்துக்கு இழுத்துச் செல்வதற்கென்று குதிரைகள் உண்டு. 2006-ஆம் ஆண்டு முதல் அதே குதிரைகளில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் காயமுற்றுத் திரும்பிய வீரர்களை ஏற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். குடும்பம் குடும்பமாகக் குதிரைப் பண்ணை வைத்திருப்பவர்கள், வாரத்தில் இரண்டு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரு நாள் பழைய சிப்பாய்களுக்கு என்று ஒதுக்கி வைப்பதும் அங்கே சகஜம். 2021-இல் கொலம்பியா சர்வகலாசாலையார் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். போர்க்களத்து நினைவுகளால் அவதியுறும் பழைய வீரர்கள் 63 பேர். வாரம் ஒரு முறையாக எட்டு வாரம். சுமார் பாதிப் பேருக்கு அவதி கணிசமாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு வைக்கப்படாததால் இதை முடிந்த முடிபு என்று கொள்வதற்கில்லை. ஆனால் ஒரு விஷயம் நம்மைக் கவர்ந்தது. அந்தச் சோதனையில் ஒருவர்கூடக் குதிரை மேல் ஏறவில்லை. தேய்த்து விட்டார்கள், நடத்திச் சென்றார்கள், பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். நம் ஹவில்தார் பொட்டிபுரத்திலே சம்பளமும் சர்டிபிகேட்டும் இன்றிச் செய்துகொண்டிருந்தது வேறென்ன?

ஏறாமல் இருப்பதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. நமது தேசத்தில் 1965-ஆம் ஆண்டு முதல் சுமை சுமக்கும் பிராணிகளுக்கென்று விதிகள் உண்டு. அதன்படி மட்டக்குதிரைமேல் ஏற்றக்கூடிய சுமை 70 கிலோ. கோவேறு கழுதைக்கு 200 கிலோ. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வாங்கக்கூடாது. ஆறடி உயரச் சிப்பாய் சேணத்தோடு ஏறினால் அந்த 70 கிலோவைத் தாண்டிவிடுவார் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. ஆகவே மட்டக்குதிரையில் பிள்ளைகள் ஏறட்டும். பெரியவர்கள் கூட நடக்கட்டும். ஏரிக்கரையிலே பணம் கொடுத்து ஒரு சுற்று ஏறி, படம் பிடித்துக்கொண்டு இறங்கிப் போகும் கொடைக்கானல் சவாரியை நாம் சவாரி என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அதிலே குதிரைக்கும் ஏறியவனுக்கும் அறிமுகம்கூட நடப்பதில்லை.

தமிழருக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் விசித்திரமானது. கல்லிலே நாம் குதிரை செய்தது போல வேறு யாரும் செய்திருப்பார்களோ என்பது சந்தேகம். ஸ்ரீரங்கத்துச் சேஷகிரி ராயர் மண்டபமே சாட்சி. மண்ணிலே செய்து அய்யனாருக்கு வைத்தோம். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை மதுரைக்குத் தந்தோம். உயிருள்ள குதிரையைப் பாண்டியர்கள் கப்பல் கப்பலாக அரபு நாட்டிலிருந்து தருவித்தார்கள். அவை ஆண்டுதோறும் செத்துக்கொண்டே இருந்தன. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறான். என்ன தீனி போடுவது, எப்படிப் பராமரிப்பது என்று இங்கே தெரியவில்லையாம். அதைவிட, குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் வந்துவிடாதபடி வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்களாம்! குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் குதிரை விற்கலாம்? பாண்டியன் பொக்கிஷத்தைக் காலி செய்தது குதிரை அல்ல, குதிரைக்காரன் இல்லாமை.

அந்தக் குதிரைக்காரன் பிற்பாடு வந்தான், இங்கேயே தங்கினான், நம்மவன் ஆனான். கம்பம் பள்ளத்தாக்கிலே உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் போடியிலும் ராவுத்தர் என்ற பட்டத்தோடு வாழும் முஸ்லிம் குடும்பங்களை நேயர்கள் அறிவார்கள். ராவுத்தன் என்றால் குதிரை வீரன். முருகப் பெருமானையே ராவுத்தன் என்று அழைக்க அருணகிரிநாதர் தயங்கவில்லை. இன்று அந்தப் பட்டம் இருக்கிறது, குதிரை எங்கே? அந்தியூரில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனால் வாங்குவாரும் விற்பாரும் பேரம் பேசுவதைக் காணலாம். வாங்கிய பிறகு வளர்க்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

பொட்டிபுரத்துப் பெரியவருக்கு அது தெரியும். வயிற்று வலி கண்ட குதிரையைப் படுக்கவிடாமல் நடத்த வேண்டும் என்பதும், மலை இறங்கும்போது கடிவாளத்தை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பதும், வியர்வையோடு வந்ததற்கு உடனே கொள்ளு வைத்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் மகன் திருப்பூரில் இருக்கிறான். மிச்சம் இருப்பது பேரனும், தூக்கம் வராத தம்பி மகனும். குதிரைகள் விற்றுப் போனால் இவ்விருவருக்கும் கற்றுக்கொடுக்க அவரிடம் பேச்சுத்தான் இருக்கும். பேச்சினால் லாடம் அடிக்க முடியாது.

இனிமேல் ராணுவத்திலிருந்து திரும்பி வருகிறவர்கள் நரைத்த தலையோடு வரப்போவதில்லை என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு வருஷப் பணி. அது முடிந்ததும் 25 சதவீதம் பேர்வரைதான் நிலையாகச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள் என்று அறிவித்தார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிலே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் வரும் வாலிபனுக்குக் காவல்கார நாற்காலியைத் தவிர நாம் காட்டக்கூடியது என்ன?

உபகரணங்கள் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தேனியிலே 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரிக் கல்லூரியில் என்.சி.சி. மாணவர்கள் குதிரைச் சவாரி பயில்கிறார்கள். முன்னாள் படைவீரர் நலத்துக்கு மாவட்ட அளவில் அலுவலகங்கள் உண்டு. இம்மூன்றும் பொட்டிபுரத்து லாயத்தில் ஒருநாள் சந்தித்தால் போதும். காட்டுக்குள்ளே போக வேண்டும் என்பதும் இல்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்ற இளைஞர்கள் மாண்டதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அடிவாரத்துத் தரிசிலே ஒரு வளையம் கட்டினால் பிள்ளைகளுக்கு அதுவே தாராளம்.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னோம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா வர்ற வெள்ளிக்கிழமை அவன் பணத்தோட வந்துருவானே அய்யா" என்றார். ஏரிக்கரைச் சவாரிக்காரர் ஒருவர் விலை பேசிப் போயிருக்கிறார். முன்பணம் இன்னும் கை மாறவில்லை.

ஹவில்தார் குளம்பைக் கீழே விட்டுவிட்டு எழுந்தார். "பெரியப்பா, ரெண்ட மட்டும் குடுங்க. வெள்ளையையும் சின்னச் சிவலையையும் நான் வெச்சுக்கிறேன். பென்ஷன்ல கட்டுறேன்" என்றார். பெரியவர் பதில் சொல்லவில்லை. எதிரே இருந்த கொள்ளுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

அடுத்த சனிக்கிழமைக்கு யார் யார் வருவது என்று நம் மாணவன் ஒரு தாளில் பெயர் எழுதிக்கொண்டு வந்து காட்டினான். பதினொரு பெயர். தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் இரண்டு குதிரைக்கு எத்தனை நாள் கொள்ளு ஆகும் என்று கீழே வகுத்தும் பார்த்திருந்தான். மீதியைப் பின்னமாகவே எழுதியிருந்தான். விடை சரியாக இருந்தது. ஒரு மூட்டை குறைந்தது. அந்த மூட்டையை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். போடியில் நல்ல கொள்ளு எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்த நேயர்கள் தெரிவித்தால் உபகாரமாக இருக்கும்.